நாலு மணிக் கட்டம்

1

போன புதன்கிழமை விசா நீட்டிப்புக்காக இங்குள்ள அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜெர்மனிக்குப் படிக்க வந்து, படித்து முடித்து, வேலையிலும் சேர்ந்தாயிற்று. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை அந்த மூன்றாவது மாடி வராந்தாவில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாக வேண்டும். வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுத் தாள், கம்பெனிக் கடிதம், இரண்டு போட்டோ. போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை.

என் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்த அதிகாரி அம்மாள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லா முறையும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். 2002-இல் மட்டும் ஏன் மூன்று மாதம்?"

நாலு வருடம் ஆகிவிட்டது. இருந்தும் பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஆய்வகத்தில் ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு முத்திரையை எடுத்தார். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று மாதத்தின் கதை தெரியாது. என் அக்காவுக்கே போன பொங்கல் வரை தெரியாது. இப்போது எழுதிவிடுகிறேன்.

2

படப்பையில் எங்கள் வீடு. அம்மா, செல்வி அக்கா, நான். அக்கா துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தையல் லைனில் இருந்தாள். என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது அவளுடைய ஓவர்டைம் சம்பளம் என்று சொன்னால் மிகையில்லை. 1999-இல் படிப்பு முடிந்ததும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். கார் பிரேக்குக்குள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சீல் என்போம். அதைத்தான் அங்கே செய்தார்கள்.

ரப்பரைச் சூட்டில் அழுத்தி வேகவைக்கும் பிரஸ்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் சூட்டையும் மணிக்கு ஒருமுறை பார்த்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். சூடு குறைந்தால் ரப்பர் சரியாக வேகாது. பன்னிரண்டு பிரஸ்ஸுக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே பேர். இன்னொருவன் சுடலைமுத்து. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், எனக்கு இரண்டு வருடம் மூத்தவன், ஆறு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தான். டிபன் பாக்ஸில் நான் கொண்டுபோவதில் பாதி அவனுக்குத்தான் போகும்.

சேர்ந்த இரண்டாவது வாரம் என் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"ஏல ஏகாம்பரம், இந்தக் கட்டம் ஏன் காலியாக் கெடக்கு?"

"அந்த நேரத்துல ஒம்பதாவது பிரஸ் நின்னுக்கினு இருந்துச்சு. அங்க இருந்தேன். இத பாக்கல."

"பாக்கலன்னு எவன் கேட்டான்? காலியா விட்டா ஆடிட்டர் வந்து கேப்பான்லா. சூப்பர்வைசருக்கு மெமோ வரும், அவரு நம்மள வாங்கு வாங்குன்னு வாங்குவாரு. இங்க குடு."

பேனாவை வாங்கி நிரப்பினான். நூற்றெழுபது, நூற்றெழுபத்தொன்று, நூற்றறுபத்தொன்பது.

"எல்லாம் ஒண்ணுபோல போட்டுறக் கூடாது, என்ன? கடைசி நம்பர மட்டும் ஆட்டிக்கிட்டே வரணும். அப்பந்தான் பாத்து எழுதுனது மாரி இருக்கும்."

ஒரு மாதத்தில் நான் அவனையே மிஞ்சிவிட்டேன். ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் எழுதி வைத்துவிட்டு, பிறகு பிரஸ் பிரஸ்ஸாகப் போய் உண்மையான வேலையைப் பார்ப்பேன். ஆடிட்டர்கள் வருவார்கள், தாளைப் புரட்டுவார்கள், கட்டம் எல்லாம் நிறைந்திருப்பதைப் பார்த்து பிஸ்கட் தின்றுவிட்டுப் போவார்கள். பிரஸ்களின் பக்கத்தில் ஒரு ரெக்கார்டர் இருந்தது. சாவி கொடுத்தால் உருளை சுற்றும், அதன் மேலுள்ள காகிதத்தில் பேனா முள் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டே வரும். எங்களுடையதில் முள் உடைந்திருந்தது. ஆடிட் வந்தால் மட்டும் அதைத் துடைத்து வைப்போம். இரண்டு வருடம் இப்படி ஓடியது. நான் ஏமாற்றுகிறேன் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. வேலை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

2001 இலையுதிர் காலத்தில் இங்கே மேற்படிப்புக்கு வந்தேன். பாடம் புரிந்தது, குளிர் பழகியது, ரொட்டிதான் கடைசிவரை பழகவில்லை. முதல் அரையாண்டில் ஒரு பெரிய பரிசோதனை உண்டு. ரப்பர் வளையங்களை அழுத்தி, எழுபது டிகிரி சூட்டில் ஓர் அடுப்புக்குள் வைத்து, அவை எப்படித் தளர்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆறு சனிக்கிழமைகள், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு ஒருமுறை அளவு. ரப்பர் என்றதும் எனக்கு ஒரே குஷி. இதில் எனக்கு யார் என்ன சொல்லித்தர முடியும் என்ற நினைப்பு.

பரிசோதனையில் என் ஜோடி காத்ரின். உள்ளூர்ப் பெண். பேச்சு குறைவு, வந்தால் நேரத்துக்கு வருவாள். காலை அவளுடையது, மதியம் ஒன்றிலிருந்து என்னுடையது. திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து தாளில் கையெழுத்துப் போட்டு, பேராசிரியர் லிண்ட்னர் அம்மையாரின் பெட்டியில் போட்டுவிடுவோம்.

அந்த நாளில் இங்கே சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைகளை மூடிவிடுவார்கள். ஞாயிறு முழுக்க மூடியிருக்கும். நாலு மணியைத் தவறவிட்டவன் திங்கள்வரை இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். ஐந்தாவது சனிக்கிழமை என் அறையில் அரிசி இல்லை. காலையிலேயே போயிருக்கலாம், தூங்கிவிட்டேன். மூணேகால் மணிக்குக் கிளம்பும்போது, ஊர்ப் பழக்கத்தில் கை தானாகப் பேனாவை எடுத்தது. நாலு மணிக் கட்டத்தில் எழுபது புள்ளி இரண்டு என்று எழுதிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

வரிசையில் நின்று அரிசியோடு திரும்பும்போது நாலேகாலுக்கு மேல். ஐந்து மணிக்குப் பார்த்தேன், அறுபத்தொன்பது சொச்சம். எல்லாம் சரியாக இருந்தது.

4

அடுத்த வாரக் கடைசியில் எனக்கும் காத்ரினுக்கும் துறையிலிருந்து ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை மூன்றரையிலிருந்து ஏதோ பழுது பார்ப்பதற்காகக் கட்டடத்தின் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நாலேகாலுக்குத்தான் திரும்ப வந்திருக்கிறது. அடுப்பின் மேலே ஒரு பழைய ரெக்கார்டர் இருந்தது, சாவி கொடுத்து ஓடுவது, மின்சாரம் தேவையில்லை. ஆறு வாரமாக அதைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை, அது ஓடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதன் கோடு நாலு மணிக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. எங்கள் தாளில் எழுபது புள்ளி இரண்டு. வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வந்து விளக்க வேண்டும்.

விதிப் புத்தகத்தை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். அளவீடுகளைப் பொய்யாகத் தருபவர் படிப்பிலிருந்து நீக்கப்படலாம் என்று இருந்தது. என் விசா அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால், நான் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று துறை சான்று தர வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது லிண்ட்னர் அம்மையார்தான். படிப்பு போனால் சான்று இல்லை, சான்று இல்லையென்றால் விசா இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டியதுதான். அக்கா தன் லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், தம்பி ஜெர்மனியில் படிக்கிறான் என்று.

புதன்கிழமை கேன்டீனில் காத்ரின் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தொடவே இல்லை.

"நாலு மணிக்கு நீ அங்கே இருந்தாயா?"

"இருந்தேன்."

"தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினாயா?"

"ஆமாம்."

அவள் மூச்சை விட்டாள். "அப்படியானால் தெர்மாமீட்டரில்தான் கோளாறு. நானும் நாளை அதையே சொல்கிறேன்."

அவள் என்னை நம்பியது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் போன் பூத்துக்குப் போனேன். படப்பையில் எங்கள் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து மளிகைக் கடை நம்பர்தான். சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்குக் கூப்பிடுவது வழக்கம், அப்போது ஊரில் ஆறரை, அக்கா ஷிஃப்ட் முடிந்து கடை வாசலில் நிற்பாள். புதன்கிழமை கூப்பிட்டதும் பதறிக்கொண்டு வந்தாள்.

"இன்னாடா, இன்னா ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா? குரலு ஒரு மாதிரி கீது. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா. நாளைக்கு ஒரு பரீட்ச கீது."

"அவ்ளோதான? நீ பாஸாயிடுவ. போய் படி."

அடுத்து சுடலையின் அறை வீட்டுக்காரர் நம்பர். நடந்ததை அவனிடம் மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"இதுக்குப் போயா பயப்படுத? மீட்டர் மேல போட்டுரு. கேஜ் ஃபால்ட், செக் பண்ண அனுப்பணும்னு சொல்லு. இங்க எத்தன தடவ சொல்லியிருக்கோம். அந்தப் பிள்ளையும் கூடச் சொல்லுதான்னா பொறவு என்ன?"

"கண்டுபுடிச்சிட்டா?"

"எவன்ல கண்டுபிடிக்கான். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

5

லிண்ட்னர் அம்மையாரின் அறையில் மேஜை மேல் மூன்று பொருள்கள் இருந்தன. ரெக்கார்டர் காகிதம், எங்கள் ஆறு வாரத் தாள்கள், ஒரு சிவப்புப் பென்சில். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் திட்டு வாங்கிப் பழகியவன் நான்.

"இரண்டு வழிகளில் இது நடந்திருக்கலாம்" என்றார். "ஒன்று, தெர்மாமீட்டர் தவறாகக் காட்டியிருக்கலாம். அது பழையது, எனக்கு அதன் மேல் சந்தேகம் உண்டு."

நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்தே வைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். ஆட்டவும் தொடங்கியிருந்தேன்.

காத்ரின் பேசினாள். "அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் நாலு மணிக்கு அங்கே இருந்தார். என்னிடம் சொன்னார். நான் அதற்குப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன்."

பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் லைனில் ஒருவருக்காக ஒருவர் கையெழுத்துப் போடுவோம், போடும்போது தெரியும் இது பொய் என்று. இவளுக்குத் தெரியாது. தெரியாமல் தன் பெயரைக் கொண்டுவந்து என் எழுபது புள்ளி இரண்டுக்குக் கீழே வைக்கிறாள்.

"நான் அங்கே இல்லை" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அரிசி வாங்கப் போயிருந்தேன். போவதற்கு முன்பே எழுதிவிட்டுப் போனேன்."

காத்ரின் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்திருக்கவில்லை, தள்ளி மட்டும் உட்கார்ந்தாள். லிண்ட்னர் அம்மையார் எங்கள் தாளையும் ரெக்கார்டர் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"ஏன்? காலியாக விட்டிருந்தால் என்ன? ஒரு கோடு போட்டு, அளவெடுக்கவில்லை என்று எழுதினால் முடிந்தது. ஒரு கட்டம் இல்லாவிட்டால் பரிசோதனை கெட்டுப்போகாது."

காலியாக விடலாமா? அது எனக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை என்று இந்த அம்மையாரிடம் எந்த மொழியில் சொல்வது?

அவர் சிவப்புப் பென்சிலை என் பக்கம் தள்ளினார். "நீங்கள் பார்க்காததை வட்டமிடுங்கள்."

நாலு மணிக் கட்டத்தை வட்டமிட்டேன். அவர் கையை நீட்டினார், பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக. அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ரெக்கார்டர் காட்டிக்கொடுத்ததும் அது ஒன்றைத்தான். அதோடு நிறுத்தியிருந்தால், ஒரு நாள் தவறு, பசி, புதிய நாடு என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

பென்சிலைக் கொடுக்க முடியவில்லை. முதல் வாரத் தாளை எடுத்தேன். இரண்டு மணிக் கட்டம். அப்போது போன் பூத்தில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். வட்டம். இரண்டாவது வாரம் இரண்டு மணி, மறுபடி அக்கா. அந்த வாரமே ஐந்து மணி, நூலகத்தில் தூங்கிப்போனேன். மூன்றாவது வாரம் இரண்டு மணி. அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே தாளில் எழுபது புள்ளி ஒன்று. கடைசி இலக்கத்தை எவ்வளவு அழகாக ஆட்டியிருந்தேன். மொத்தம் ஒன்பது வட்டம். கடைசி வட்டம் கோணலாகப் போனது.

காத்ரின் ஒவ்வொரு தாளிலும் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

வராந்தாவில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நேற்று கேன்டீனில் கேட்டேனே" என்றாள். "அப்போதே சொல்லியிருக்கலாம்."

போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. அந்த நாலு நாளும் நான் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுப்பதும், திரும்ப உள்ளே தள்ளுவதுமாக இருந்தேன். நீக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை, அது கோப்பில் இருக்கும். பரிசோதனை முழுதும் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். அதுவரை மூன்று மாதத்துக்கு மட்டும் சான்று. அயல்நாட்டவர் அலுவலகம் அதைப் பார்த்து மூன்று மாத விசா குத்தித் தந்தது. ஏன் மூணு மாசம்தான் கொடுத்தாங்க என்று அக்கா கேட்டாள். இங்க அப்படித்தான் கொடுப்பாங்க என்றேன்.

காத்ரினும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அவளுக்கு வேறொரு ஜோடி கிடைத்தது அடுத்த அரையாண்டில்தான். என்னால் அவளுடைய படிப்பு ஓர் அரையாண்டு தள்ளிப்போனது. பிறகு எங்காவது எதிர்ப்பட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அவள் என்னை மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த ஆறு சனிக்கிழமை தனியாக அந்த அடுப்பின் முன் உட்கார்ந்தேன். பாத்ரூம் போன நேரத்தைக்கூடக் கட்டத்தில் கோடு போட்டுக் காட்டினேன். முதல் கோடு போடும்போது, யாரோ பின்னால் நின்று மெமோ எழுதுவது போல முதுகு கூசியது. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யப் பழகினேன். இவ்வளவோடு இது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

7

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுடலை இப்போது ஒரகடத்தில் ஒரு புதிய கம்பெனியில் தரப் பிரிவில் சீனியர். கல்யாணமாகிவிட்டது, லேசாகத் தொப்பை, செகண்ட் ஹேண்டில் ஒரு கார். எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பப் படப்பைக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் செல்வி அக்காவும், மடியில் அவளுடைய மூன்று வயது மகளும்.

"இன்னும் ஷீட்டெல்லாம் அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இப்பம் எல்லாம் கம்ப்யூட்டர்லா. ஒரு கட்டத்தக் காலியா விட்டேன்னு வச்சுக்கோ, அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டேங்கு. என்னமாவது அடிச்சாத்தான் வழி விடுது."

சொல்லி முடிக்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகக் குறுக்கே வந்து நின்றது. சுடலை பிரேக்கை மிதித்தான். அக்கா முன் சீட்டில் முட்டிக்கொண்டாள், குழந்தை வீறிட்டது. ஆட்டோவின் பின் கம்பிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அதில் தொற்றியிருந்த பெண் எங்களைத் திட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"பாத்தியால, எப்படி நின்னுச்சுன்னு" என்றான் சுடலை. "நம்ம சீல்தாம்ல உள்ள கெடக்கு. ரெண்டாயிரத்துல வந்த வண்டி. நீயும் நானும் ஒண்ணா லைன்ல இருந்தோம்லா, அந்த வருசம்."

பன்னிரண்டு பிரஸ், ஒரு ஷிஃப்டுக்கு எட்டுக் கட்டம், இரண்டு வருடம். அத்தனையிலும் கடைசி இலக்கத்தை ஆட்டி ஆட்டி எழுதியவன் நான். அந்தத் தாள்களை யாரும் என் முன் கொண்டுவந்து வைக்கவில்லை, யாரும் பென்சிலைத் தள்ளவில்லை. ஒன்பது வட்டத்தோடு உண்மையைச் சொல்லி முடித்துவிட்டதாக நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"சுடலை, நாளைக்கு முதல் வேலயா பிரேக்கைக் கழட்டி சீலை மாத்திடு."

"ஏம்ல? நல்லாத்தான நின்னுச்சு. நீதான செக் பண்ணி கையெழுத்துப் போட்ட?" என்று சிரித்தான்.

"நான் பாக்கல."

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றுபோனது. அவனுக்குத் தெரியாததா? அவனும் பார்க்கவில்லை. எனக்குச் சொல்லித் தந்ததே அவன்தான். கியரைப் போட்டான். அதன் பிறகு படப்பை வரும்வரை ஸ்பீடாமீட்டர் முள் முப்பதைத் தாண்டவில்லை.

அக்கா ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே முன்னால் குனிந்தாள்.

"இன்னாடா பாக்கல? எதச் சொல்ற?"

இந்த முறை சும்மாதான் என்று சொல்ல முடியவில்லை. செக் ஷீட்டிலிருந்து ஆரம்பித்தேன். அரிசி, காத்ரின், மூன்று மாத விசா, அவளோடு போனில் பேசிய சனிக்கிழமைகள், எல்லாம். வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது, சுடலை என்ஜினை அணைத்தான். நான் இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தேன். அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"அந்த மாதிரி வண்டி எவ்ளோ ஓடிக்கினு கீது ஏகா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.